வெசிக்கிளைச் சுருக்கியும் வட்டமாகவே தெரிகிறது: கோளாறு கணக்கிலா, சோதனையிலா?

சவ்வூடு கேட்டது:

டி.ஓ.பி.சி. என்ற பாஸ்போலிப்பிட்டில் செய்த ராட்சத வெசிக்கிள்கள் (லிப்பிட் சவ்வால் ஆன, உள்ளே கரைசல் நிறைந்த நுண்பைகள்). குளோரோஃபார்மில் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் கரைசல், ஐ.டி.ஓ. (மின்கடத்தும் ஒளிபுகு பூச்சு) பூசிய கண்ணாடியில் 10 மைக்ரோலிட்டர் தடவி 2 மணி நேரம் வெற்றிடத்தில் உலர்த்தல், 200 மில்லிமோலார் சுக்ரோஸ், 10 ஹெர்ட்ஸ், 1.1 வோல்ட், 2 மணி நேரம். விளைச்சல் நன்றாகவே இருக்கிறது, பெரும்பாலானவற்றின் ஆரம் 10 முதல் 15 மைக்ரோமீட்டர். அதில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து 250 மில்லிமோலார் குளுக்கோஸ் 100 மைக்ரோலிட்டருடன் கலந்து, 15 நிமிடம் கழித்துத் தலைகீழ் நுண்ணோக்கியில் பார்க்கிறேன்.

உள்ளே 200, வெளியே 250 என்றால் ஒப்புக் கனஅளவு (அதே பரப்புள்ள கோளத்தின் கனஅளவில் எத்தனை பங்கு என்பது) 0.8 ஆக வேண்டும். தன்னியல் வளைவு (சவ்வு தானாகவே நாடும் வளைவு) பூஜ்யம் என்று வைத்தால், ஹெல்ஃபிரிக் ஆற்றலின் (சவ்வை வளைக்க ஆகும் ஆற்றலின்) கீழ்மட்டம் 0.65-க்கு மேலே எல்லாம் சுருட்டு வடிவம்தான். ஆனால் பார்க்கும் எல்லாமே வட்டம்! விளிம்பு நன்றாகத் துடிக்கிறது, எனவே சவ்வு விறைத்து நிற்கவில்லை. சிலவற்றில் வெளிப்பக்கம் ஒரு சிறு மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முக்கோண வலையில் எழுதிய நிரலும் சரியாக இருப்பதாகத் தெரியவில்லை. பக்கத்துப் பக்கத்து முக்கோணங்களின் செங்குத்துகளுக்கு இடையிலான கோணத்தை வைத்து ஆற்றல் கணக்கிடுகிறேன். கோளத்துக்கு 8 × பை × கப்பா (கப்பா என்பது சவ்வின் வளைவு விறைப்பு), அதாவது 25.13 கப்பா வர வேண்டும். எனக்கு 8.4 வருகிறது. 642 புள்ளிகளிலும் அதே, 2562 புள்ளிகளிலும் அதே. உருளையில் சோதித்தால் மட்டும் விடை சரி. எங்கே இடறுகிறேன்?

—

நேர்த்தட்டு எழுதியது:

முதலில் கூட்டல் கழித்தல். வெசிக்கிள் மிதக்கும் 100 மைக்ரோலிட்டரிலும் வெளிக்கரைசல் 200 மில்லிமோலார் சுக்ரோஸ்தான். அதைச் சம அளவு 250 குளுக்கோஸுடன் கலந்தால் வெளியே கிடைப்பது 225, 250 அல்ல. கோளமாகத் தொடங்கிய வெசிக்கிளின் ஒப்புக் கனஅளவு 200 ÷ 225 = 0.89. உங்களுக்கு 0.8 வேண்டுமென்றால் வெசிக்கிளைக் கொஞ்சமாகவும் குளுக்கோஸை நிறையவும் எடுத்துக் கலக்க வேண்டும். இன்னொன்று, எடை போட்டுக் கரைத்த மோலார் கணக்கை நம்பாமல் இரண்டு கரைசலையும் உறைநிலை ஆஸ்மோமீட்டரில் அளந்துவிடுங்கள். இங்கே விகிதம்தான் எல்லாம்.

ஆனாலும் 0.89-க்கே சுருட்டு கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீள்வட்டத் திண்மமாக எடுத்துக் கணக்கிட்டால், 0.895-இல் நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. 0.78-இல் மூன்று மடங்கு. தரையில் படுத்துக் கிடக்கும் இரண்டு மடங்கு நீளச் சுருட்டைக் கண் தவறவிடாது. ஆக, நீங்கள் பார்ப்பது சுருட்டு இல்லை. கோளமும் இல்லை, கோளமென்றால் விளிம்பு அப்படித் துடிக்காது. மிச்சமிருப்பது தட்டை வடிவம். இட்லியை நேர் மேலிருந்து பார்த்தால் வட்டம்தானே தெரியும்?

தட்டையாக்குவது புவியீர்ப்பு. சுக்ரோஸ் கரைசல் குளுக்கோஸைவிடக் கனம். ஒவ்வொரு மில்லிமோலாருக்கும் தண்ணீரின் அடர்த்தியைச் சுக்ரோஸ் கன மீட்டருக்குச் சுமார் 0.133 கிலோவும், குளுக்கோஸ் சுமார் 0.069 கிலோவும் ஏற்றும். உங்கள் கலவையில் உள்ளே (சுருங்கிய பிறகு) 225 சுக்ரோஸ், வெளியே 100 சுக்ரோஸும் 125 குளுக்கோஸும். வித்தியாசம் கன மீட்டருக்குச் சுமார் 8 கிலோ. அற்பமாகத் தெரிகிறதா? இதை வளைவாற்றலோடு ஒப்பிடும் எண்: அடர்த்தி வித்தியாசம் × 9.8 × ஆரத்தின் நான்காம் படி ÷ கப்பா. டி.ஓ.பி.சி.க்குக் கப்பா ஏறத்தாழ 8 × 10⁻²⁰ ஜூல், அதாவது அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலைப் போல் சுமார் 20 மடங்கு. ஆரம் 5 மைக்ரோமீட்டர் என்றால் இந்த எண் 0.6. 10 என்றால் 10. 12 என்றால் 20. 15 என்றால் 50. நான்காம் படி செய்யும் வேலை இது.

வளைவாற்றலுக்கு அளவு என்பதே தெரியாது: 1 மைக்ரோமீட்டர் கோளமும் 50 மைக்ரோமீட்டர் கோளமும் அதே 25 கப்பா. எடைக்குத்தான் அளவு தெரியும். 0.89-இல் படுத்த சுருட்டின் மையம் தரையிலிருந்து சுமார் 0.765 ஆர உயரத்தில், தட்டையின் மையம் சுமார் 0.63 ஆர உயரத்தில். இந்த இறக்கத்தால் மிச்சமாகும் ஆற்றல் மேலே சொன்ன எண்ணில் பாதி, கப்பா கணக்கில். 12 மைக்ரோமீட்டர் வெசிக்கிளுக்கு 10 கப்பா. சுருட்டுக்கும் தட்டைக்கும் இடையே வளைவாற்றல் வித்தியாசமோ மொத்தத்தில் சில சதவீதம். யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

சரிபார்க்க ஒரு சுலப வழி: 0.89-இல் தட்டையானால் மேலிருந்து தெரியும் ஆரம், அதே பரப்புள்ள கோளத்தின் ஆரத்தைவிடச் சுமார் 19 சதவீதம் பெரிது. உயரம் அகலத்தில் ஏறக்குறைய பாதி.

—

சவ்வூடு:

கலவைக் கணக்கில் கோட்டைவிட்டது புரிகிறது. கன்ஃபோகல் நுண்ணோக்கியில் அடுக்குப் படம் எடுத்தேன், 40 மடங்கு காற்று லென்ஸ். துடிக்கும் வெசிக்கிளில் உயரம் ÷ அகலம் 0.43. ஆனால் சுருக்காத, விறைப்பான வெசிக்கிளிலேயே 0.75 தான் வருகிறது. அதுவும் தட்டையா?

—

நேர்த்தட்டு:

இல்லை, அது லென்ஸின் வேலை. காற்று லென்ஸை 1 மைக்ரோமீட்டர் நகர்த்தினால் தண்ணீருக்குள் குவியம் ஏறத்தாழ 1.33 மைக்ரோமீட்டர் நகரும். மென்பொருள் 1 என்றே எழுதிக்கொள்ளும். கோளம் 0.75 உயரத்துக்கு நசுங்கித் தெரிவதற்குக் காரணம் இதுவே. உங்கள் விறைப்பான வெசிக்கிள் அந்தத் திருத்தத்தை அழகாக உறுதி செய்கிறது. தண்ணீர் லென்ஸ் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் 0.43-ஐ 0.75-ஆல் வகுங்கள்: 0.57.

நீள்வட்டத் தட்டையில் 0.57-க்கு ஒப்புக் கனஅளவு சுமார் 0.91. எதிர்பார்த்தது 0.89. இந்த இடைவெளியை அந்த மணியின் மேல் போடலாம். மணி பரப்பைத் தின்னும், கனஅளவைத் தின்னாது. மூல உடல் 0.89-இலிருந்து 0.91-க்குப் போக, பரப்பில் 1.8 சதவீதம் காணாமல் போனால் போதும். 12 மைக்ரோமீட்டர் ஆரத்தில் அது 32 சதுர மைக்ரோமீட்டர், அதாவது விட்டம் சுமார் 3 மைக்ரோமீட்டர் உள்ள ஒரு மணி. படத்தில் மணியை அளந்து பாருங்கள். எடையால் நசுங்கிய வடிவம் துல்லியமான நீள்வட்டம் ஆகாது, அடிப்பக்கம் கொஞ்சம் சப்பையாக இருக்கும். அதனால் இரண்டாம் தசமத்தை ரொம்பவும் இழுக்க வேண்டாம்.

—

முக்கோணவலை எழுதியது:

நிரலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 8.4 என்பது 25.13-இல் சரியாக மூன்றில் ஒரு பங்கு. அது தற்செயல் இல்லை. வலையை நுணுக்கியும் எண் அசையவில்லை என்பதே போதும்: நுணுக்கினால் குறையும் பிழை வலையின் பிழை, அசையாத பிழை சூத்திரத்தின் பிழை.

செங்குத்துகளின் கோணத்தில் (1 − கொசைன்) கூட்டும் முறையில், சமபக்க முக்கோணங்களுக்கு, உருளையில் சரியாக வரும்படி கெழுவை நிறுத்தினால் அது 2 ÷ √3 × கப்பா. அதே கெழுவைக் கோளத்தில் போட்டால் 8 × பை ÷ 3. காரணம், இந்தக் கூட்டல் சராசரி வளைவை மட்டும் அளப்பதில்லை. காஸ் வளைவையும் (இரு முதன்மை வளைவுகளின் பெருக்கல்) − 4/3 கப்பா என்ற கெழுவோடு இழுத்துக்கொண்டு வருகிறது. உருளைக்குக் காஸ் வளைவு பூஜ்யம், அங்கே எதுவும் தெரியாது. கோளத்துக்குக் காஸ் வளைவின் மொத்தம் 4 × பை. 25.13-இல் 16.76 போனால் 8.38.

காஸ்–போனே தேற்றப்படி மூடிய பரப்பில் அந்த மொத்தம் மாறிலிதானே, வடிவத்தைப் பாதிக்காதே என்று கேட்பீர்கள். முக்கோணங்கள் சமபக்கமாக இருக்கும்வரை உண்மை. வடிவம் நீண்டு முக்கோணங்கள் இழுபட்டதும் அந்தக் கெழு இடத்துக்கு இடம் மாறும், மாறிலி மாறிலியாக இருக்காது. வலையின் கோளாறு வடிவத்தின் ஆற்றலாக வேடம் போடும். ஒப்புக் கனஅளவு 0.6 பக்கம், கழுத்து மெலியும் இடங்களில், இது மோசமாக ஏமாற்றும்.

செய்ய வேண்டியது: புள்ளிவாரியாகச் சராசரி வளைவைக் கோடேன்ஜென்ட் எடைகளால் (முக்கோணங்களின் கோணங்களிலிருந்து வருபவை) கணக்கிட்டு, வொரனாய் பரப்பால் (அந்தப் புள்ளிக்கு மிக அருகிலுள்ள பரப்பால்) வகுத்து, வர்க்கத்தைக் கூட்டுங்கள். மூன்று சோதனைகளையும் தாண்டாத நிரலில் வெசிக்கிள் போடாதீர்கள். கோளம் 25.13. ஆரம் ஒன்று, நீளம் பத்து உள்ள உருளையின் பக்கம் 31.4. பிறகு உளுந்து வடை: பெரிய ஆரம் ÷ சின்ன ஆரம் = √2 உள்ள கிளிஃபோர்டு வளையம், 4 × பை × பை = 39.48. இந்த வடை வெறும் கணித விளையாட்டு இல்லை. துளையுள்ள வடிவங்களில் இதைவிடக் குறைந்த ஆற்றல் கிடையாது என்று வில்மோர் 1965-இல் ஊகித்ததை மார்க்கெஸும் நெவெஸும் 2012-இல் நிரூபித்தார்கள். அதற்கு முன்பே, 1991-இல், மட்ஸும் பென்சிமோனும் வளைய வெசிக்கிள்களை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். அதன் ஒப்புக் கனஅளவு 0.71, அதையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்மட்டம் தேடும்போது கப்பா = 1, கோள ஆரம் = 1 என்று அலகு வைத்தால் சிக்கல் குறையும். பரப்பையும் கனஅளவையும் தண்டனைக் கெழுவால் (மீறினால் ஆற்றலை ஏற்றும் கெழுவால்) கட்டுங்கள். ஒரேயடியாகக் கெட்டியாகக் கட்டினால் தேடல் நத்தை போல ஊரும், படிப்படியாக ஏற்றுங்கள். புள்ளிகள் பரப்பின் மேலேயே வழுக்கி ஒரு மூலையில் குவியும். சில பத்துச் சுற்றுகளுக்கு ஒருமுறை விளிம்புகளைப் புரட்டி, புள்ளிகளைத் தொடுதளத்திலேயே சமப்படுத்துங்கள். சுருட்டிலிருந்து ஒருமுறை, தட்டையிலிருந்து ஒருமுறை தொடங்கி இரண்டின் ஆற்றலையும் ஒப்பிடுங்கள். ஒரே தொடக்கத்தில் கிடைத்ததை உண்மையான கீழ்மட்டம் என்று சொல்ல முடியாது. தன்னியல் வளைவு பூஜ்யமானால் 0.65-க்குக் கீழே நடு அமுங்கிய தட்டையும், 0.59-க்குக் கீழே கிண்ணமும் வர வேண்டும். சைபர்ட், பெர்ண்டல், லிப்போவ்ஸ்கி மூவரும் 1991-இல் போட்ட வரைபடம் அது.

எடையைச் சேர்க்க, ஒவ்வொரு முக்கோணத்திலும் உயரத்தின் வர்க்கத்தில் பாதி × செங்குத்தின் மேல்நோக்கிய கூறு × பரப்பு என்று கூட்டி, நேர்த்தட்டு சொன்ன எண்ணால் பெருக்குங்கள். தரையும் வேண்டும். தரைக்குக் கீழே போகும் புள்ளிக்கு மட்டும் தண்டனை. தரை போட மறந்தால் வெசிக்கிள் முடிவில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும், ஆற்றலும் இறங்கிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் தேடல் இன்னும் முடியவில்லை என்று காத்திருப்பார்.

—

ஈரடுக்கு எழுதியது:

மணியைப் பற்றி யாரும் சரியாகத் தொடவில்லை. தன்னியல் வளைவு பூஜ்யம் என்ற வரைபடத்தில் இந்த 0.89-இல் மணிக்கே இடமில்லை. அது வருகிறது என்றால் வெளியடுக்கில் ஆள் அதிகம் என்று பொருள்.

சவ்வு இரண்டு அடுக்கு. வெளியடுக்கின் பரப்பு உள்ளடுக்கைவிடக் கொஞ்சம் அதிகம். கோளத்தில் அந்த விகிதம் 2 × அடுக்கிடை தூரம் ÷ ஆரம். 3 நானோமீட்டர், 10 மைக்ரோமீட்டர் என்று போட்டால் 0.06 சதவீதம். பத்தாயிரம் மூலக்கூறுக்கு ஆறு! வெளியடுக்கில் அந்த அளவுக்குக் கூடினாலோ குறைந்தாலோ வடிவமே மாறும் என்றால், எந்த இரண்டு வெசிக்கிளும் ஒரே மாதிரி இருப்பதுதான் அதிசயம். பாஸ்போலிப்பிட் ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குத் தானாகத் தாவ மணிக்கணக்கில் ஆகும். எனவே வெசிக்கிள் மூடிக்கொண்ட நேரத்தில் இருந்த கணக்கு அப்படியே உறைந்துபோகும். கொலஸ்டிரால் சட்டென்று தாவும், அதைச் சேர்த்தால் இந்த இறுக்கம் தளரும்.

சிவப்பணுவில் இதையே ஷீட்ஸும் சிங்கரும் 1974-இல் காட்டினார்கள்: குளோர்புரோமசின் என்ற மருந்து உள்ளடுக்கில் புகுந்தால் கிண்ணம், எதிர்மின் சுமையுள்ள மூலக்கூறு வெளியடுக்கில் நின்றால் முள். (முள்ளை வளைவாற்றல் மட்டும் தராது, அடியில் இருக்கும் ஸ்பெக்ட்ரின் புரத வலையின் மீள்மையும் வேண்டும். வெறும் லிப்பிட் வெசிக்கிளில் முள் தேடாதீர்கள்.) சிவப்பணுவின் பரப்பு 135 சதுர மைக்ரோமீட்டர், கனஅளவு 94 கன மைக்ரோமீட்டர், ஒப்புக் கனஅளவு 0.64. நடு அமுங்கிய தட்டை வரும் பட்டையில் அது விழுகிறது. அந்த வடிவத்தை விளக்கத்தான் கான்ஹம் 1970-இல் வளைவாற்றலைக் கையில் எடுத்தார்.

உங்கள் மணிக்குச் சந்தேகப்பட வேண்டியவை வரிசையாக: சாயம் போட்ட லிப்பிட்டின் மேல் நீண்ட நேரம் விளக்கு (இரட்டைப் பிணைப்புகள் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து பரப்பு வீங்கும்), பழைய லிப்பிட்டில் உடைந்து சேர்ந்த லைசோலிப்பிட் (ஒரு வாலை இழந்த லிப்பிட்), உள்ளும் புறமும் வேறு வேறு சர்க்கரை. வடிவம் பார்க்கும்போது சாயத்தை விட்டுவிட்டுக் கட்ட மாறுபாட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதே நல்லது. சாயம் கட்டாயம் என்றால் அரை மோல் சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

சூடேற்றி மணியை விரட்டலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். சவ்வின் பரப்பு ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் 2 முதல் 3 பங்கு விரியும், தண்ணீர் அதில் பத்தில் ஒரு பங்குதான். 20 டிகிரி ஏற்றினால் பரப்பு 5 சதவீதம் கூடி, ஒப்புக் கனஅளவு 7 சதவீதம் இறங்கும். மணி போவதற்குப் பதில் இன்னும் இரண்டு முளைக்கும். குளிர்வித்தால் சில உள்ளே இழுத்துக்கொள்ளும், கழுத்து மூடிவிட்டவை இழுக்காது.

—

நேர்த்தட்டு:

சுருட்டைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். உள்ளே 50 மில்லிமோலார் சுக்ரோஸ் மட்டும். வெசிக்கிள் 20 மைக்ரோலிட்டர், 64 மில்லிமோலார் குளுக்கோஸ் 180 மைக்ரோலிட்டர். வெளியே 62.5, ஒப்புக் கனஅளவு 0.8. அடர்த்தி வித்தியாசம் சுமார் 3.7. ஆரம் 7 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் எடை எண் ஏறக்குறைய ஒன்றைத் தாண்டாது. சர்க்கரை குறைவதால் மாறுபாடு மங்கும், படம் இருட்டாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் மில்லிலிட்டருக்கு 1–2 மில்லிகிராம் பீட்டா கேசின் (பால் புரதம்) ஊற்றி வைத்துக் கழுவிவிடுங்கள். ஒட்டுதலும் தட்டையாக்கும், எடையைப் போலவே தோற்றம் காட்டும். வேறுபாடு: ஒட்டிய வெசிக்கிளின் அடியில் துடிப்பு செத்திருக்கும், லேசான நீரோட்டத்தில் நகராது. ஒட்டத் தேவையான ஆற்றல் 2 × கப்பா ÷ ஆர வர்க்கம். 10 மைக்ரோமீட்டருக்குச் சதுர மீட்டருக்கு 1.6 × 10⁻⁹ ஜூல். அழுக்குக் கண்ணாடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

காத்திருப்பு 15 நிமிடம் தேவையில்லை. தண்ணீர் வெளியேறிச் சமநிலை வர ஒரு நிமிடத்துக்குள் ஆகிவிடும். அதற்குமேல் திறந்த குழியில் வைத்தால் ஆவியாகும். 200 மைக்ரோலிட்டரில் 10 போனால் 0.8 என்பது 0.76. மூடி போட்டு ஓரத்தில் வெற்றிடக் கிரீஸ் தடவுங்கள்.

—

சவ்வூடு:

மணியின் விட்டம் 3.4 மைக்ரோமீட்டர் வந்தது, சொன்னதற்குப் பக்கம்தான். கோடேன்ஜென்ட் முறைக்கு மாற்றியதில் கோளம் 2562 புள்ளியில் 25.2. கடைசியாக ஒன்று: விளிம்புத் துடிப்பிலிருந்து கப்பாவை இதே வெசிக்கிள்களில் எடுக்கலாமா? கேமராவின் திறப்பு நேரம் 20 மில்லிநொடி.

—

முக்கோணவலை:

இந்த வெசிக்கிள்களில் வேண்டாம். துடிப்பின் வீச்சிலிருந்து கப்பாவைத் தரும் மில்னர்–சஃப்ரான் சூத்திரம் ஏறக்குறையக் கோளமான வெசிக்கிளுக்கு எழுதியது. அகலத்தில் பாதி உயரம் உள்ளதில் பொருத்தினால் கீழ்நிலை அலைகள் எல்லாம் பொய் சொல்லும். ஒப்புக் கனஅளவு 0.98 பக்கம் உள்ள, சின்ன வெசிக்கிள்களைத் தனியாகச் செய்யுங்கள்.

20 மில்லிநொடியும் ஆகாது. ஓர் அலை தளர எடுக்கும் நேரம், இழுவிசை மிகக் குறைவென்றால், 4 × பாகுநிலை ÷ (கப்பா × அலை எண்ணின் கனம்). 10 மைக்ரோமீட்டர் ஆரத்தில் 10-ஆம் அலைக்கு 50 மில்லிநொடி, 20-ஆம் அலைக்கு 6. உங்கள் திறப்பில் 20-ஆம் அலை மூன்று முறை ஆடி முடித்துச் சராசரியாகித் தேய்ந்துவிடும். வீச்சு குறைவாகத் தெரிந்தால் கப்பா உள்ளதைவிடப் பெரிதாக வரும். திறப்பை 1 மில்லிநொடிக்குக் கொண்டுவாருங்கள், வெளிச்சம் போதாவிட்டால் மினுங்கும் எல்.இ.டி. வைத்துக்கொள்ளலாம். படங்களை மட்டும் நெருக்கி எடுக்காதீர்கள்: 2-ஆம் அலை தளரவே சில நொடிகள் ஆகும், ஒரே ஆட்டத்தை நூறு முறை எண்ணிவிடுவீர்கள். ஒரு வெசிக்கிளுக்குக் குறைந்தது 10 நிமிடப் பதிவு. 6-ஆம் அலையிலிருந்து 18 வரை மட்டும் பொருத்துங்கள்.